நிலக்கோட்டைக்காரன்

லீக் இறுதி ஆட்டம்.
நாகமலை விடுதி டிவி அறையில்
வலப்பக்கம் மதுரை, இடப்பக்கம் திண்டுக்கல்.
வாசற்படியில் நான்.

"நீ எந்தப் பக்கம்டா?"
மதுரைக் கூட்டத்திலிருந்து தவசிலிங்கம்,
விசிலை வாயிலிருந்து எடுக்காமலே.

அப்பாவின் சான்றிதழில் மதுரை மாவட்டம்.
என்னுடையதில் திண்டுக்கல்.
வீடு நகரவில்லை, கோடுதான் நகர்ந்தது.
எங்கள் காட்டில் பறித்த பூவும்
பஸ் ஏறி இறங்கினால் மதுரை மல்லி.

ஸ்டீபன் ஆரோக்கியம் சற்றே ஒதுங்கி இடம் கொடுத்தான்.
உட்கார்ந்தேன்.
உட்கார்ந்ததால் திண்டுக்கல்.

கடைசிப் பந்து, ஐந்து ரன்.
திண்டுக்கல்லுக்குப் பந்து போட வந்தவன்
ஏலத்தில் போன சோழவந்தான் பையன்.

சிக்ஸர்.
வலப்பக்கம் பெஞ்சு முறிகிறது.
தவசிலிங்கம் மட்டும் தலையில் கைவைத்து:
"நம்மூர்ப் பயலோட பந்தையாடா
இப்படி அடிப்பானுக?"