நீலம் வராத உப்பு

கொல்ச்சானியில் எங்கள் பிழைப்பு இவ்வளவுதான்:
ஏரியைச் சுரண்டிக் குவிப்பது,
தோலாப் புதரை எரித்துக் காய்ச்சுவது,
அரைப்பது, பையில் கொட்டுவது.
கடைசியில் நான்.
பையின் வாயை மடித்து
எரிவாயுச் சுடரில் ஓர் இழுப்பு.
நாளொன்றுக்கு இரண்டாயிரம் வாய் மூடுகிறவள்.

அயோடின் தெளிப்பது எவரிஸ்டோ.
முதுகில் பூச்சிமருந்து டப்பா,
மூக்கில் துணி.
அரசாங்கம் சொல்லிவிட்டது,
இனி தெளிக்காத உப்பு ஊர் தாண்டக் கூடாது.

அந்த ஆகஸ்டில்
ஓரூரோவிலிருந்து மருந்து டிரம் வரவில்லை.
சாலை மறியல்.
பள்ளத்தாக்குக்குப் போகிற லாரி மட்டும்
எந்த வழியாகவோ வந்து
இஞ்சினை அணைக்காமல் நின்றது.

"நிறம் மாறுமா, ருசி மாறுமா?
உப்புப் பெறாத விஷயம்" என்றார்
கணக்கர் தெலெஸ்போரோ.
பையில் எழுத்து முன்பே அச்சாகியிருந்தது:
அயோடின் கலந்தது.

நான் சுடரைப் பற்றவைத்தேன்.
இரண்டு நாள். நாலாயிரம் பை.

செப்டம்பரில் லா பாஸிலிருந்து ஒருத்தி வந்தாள்,
வெயிலில் உதடு வெடித்து,
கையில் ஒரு சின்னப் புட்டி.
எவரிஸ்டோவின் புது உப்பில் ஒரு சொட்டு விட்டாள்.
கத்தரிப்பூ மாதிரி நீலம் பூத்தது.
எல்லோரும் கைதட்டினோம்.
நானும் தட்டினேன்.

ஆளுக்கொரு புட்டி கொடுத்துப் போனாள்.

ராத்திரி, என் அடுப்படியில்,
கூலியோடு வந்த பழைய பை.
ஒரு சொட்டு.
வெள்ளை.
இன்னொரு சொட்டு.
ஈர வெள்ளை.

உப்புத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும், சரி.
தின்னக் கிடைக்காத அந்தத் துளிக்கு
யார் குடிப்பது?
பள்ளத்தாக்கில் என் நாத்தனார் பசிலியாவுக்கு
ஆறாம் மாதம்.
அவள் மாமியார் தாவணியை
கழுத்தோடு சுற்றிக் கட்டுவது
குளிருக்காக அல்ல.

ஞாயிறு சந்தைக்கு லாரி ஏறினேன்.
என் முத்திரை எனக்குத் தெரியும்.
இடது ஓரம் கொஞ்சம் கருகியிருக்கும்,
கை அங்கே தயங்கும் எனக்கு.
கடை கடையாகப் பையைத் திருப்பிப் பார்த்து வாங்கினேன்.
"உப்பூர்க்காரி உப்பு வாங்க வந்திருக்கிறாள்!"
உருளைக்கிழங்கு விற்கிறவள்
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

முப்பத்தொரு பை.
மீதி, சூப்பில் கரைந்து
யார் யார் உடம்பிலோ.

பசிலியா வீட்டுக்கு நீலம் வந்த உப்பு ஒரு பை கொடுத்தேன்.
ஏன் என்று அவள் கேட்கவில்லை.
நான் சொல்லவுமில்லை.

திரும்பி வந்து
முப்பத்தொன்றையும் கிழித்து
ஏரியின் மேல் கொட்டினேன்.
வெள்ளை மேல் வெள்ளை.
ஓரடி தள்ளி நின்று பார்த்தால்
எங்கே கொட்டினேன் என்று
எனக்கே தெரியவில்லை.