பின்பலகையில் மூன்று பெருக்கல் குறிகள்

பின்பலகையில் மூன்று பெருக்கல் குறிகள்,
அழியாத கறுப்பு மையில்.
பக்கத்தில் என் அண்ணனின் கோணல் எழுத்து:
இங்கே வேண்டாம்.
இங்கேயும் வேண்டாம்.
மூன்றாவதற்கு வெறும் கேள்விக்குறி.

அதோடு டுவெய்ன் நார்த் டகோட்டாவுக்குப் போனான்,
எண்ணெய்க் கிணற்று வேலைக்கு.
மீன்காட்டும் கருவி பெட்டி பிரிக்காமல்
பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவே
இரண்டு குளிர்காலம் கிடந்தது.

பிப்ரவரி. லூயிஸ்டனில்
மழை என்றும் சொல்ல முடியாத
பனி என்றும் சொல்ல முடியாத ஏதோ ஒன்று.
லுவான் ட்ரில்லோடு வந்து நின்றாள்.
"நீ வெல்டர்தானே, சொல். எங்கே?"

சொன்னேன்.
மற்ற படகென்றால் பத்து நிமிட வேலை.
இது ஜெட்.
அடிவயிற்றில் வாய் திறந்து
ஆற்றைக் குடித்து
பின்னால் துப்பிக்கொண்டே ஓடுகிற ஜாதி.
வாய்க்கு முன்னால் கட்டைவிரலளவு எதை நீட்டினாலும்
அது கிளப்பும் குமிழைப் பம்பு விழுங்கும்.
காற்றைக் குடித்த பம்புக்கு உந்துதல் இல்லை,
அதுவும் பாறையை நோக்கிப் போகிறபோதுதான் குடிக்கும்.
வாய்க்குப் பின்னால் நடுவில் வைத்தால்
எல்லாம் நுரை. நுரைக்குள் ஒலி போகாது.
உள்ளிருந்து ஒட்டலாமென்றால்
அலுமினியம், செவிடு.
தாழத் தொங்கவிட்டால்
முதல் கல்திட்டு கேட்காமலே எடுத்துக்கொள்ளும்.

"ஆக, எங்கும் வைக்க முடியாது."
"டுவெய்ன் எழுதியிருப்பதும் அதுதான்."

அவள் சிரிக்கவில்லை.
வீட்டுக்குள் போய்
காய் நறுக்கும் பலகையை எடுத்து வந்தாள்,
வெள்ளைப் பிளாஸ்டிக்,
முகமெங்கும் கத்திக் கோடுகள்,
ஓரத்தில் கேரட் கறை.
"இதைப் படகில் பொருத்து, கருவியை இதில் பொருத்து.
தப்பினால் பலகையில்தானே மறு ஓட்டை."

வெல்டு வைக்கிறேன், ஓட்டையே வேண்டாம் என்றேன்.
ஆர்கான் தீர்ந்திருந்தது. திங்கட்கிழமைதான் வரும்.
திங்கட்கிழமை வரை இரண்டு வருடம் பொறுத்தாயிற்று என்றாள்,
கணக்கு எனக்குப் புரிந்தது.

வலது ஓரம். மூன்று குறிகளும் இல்லாத இடம்.
அடித்தட்டின் மட்டத்தோடு மட்டமாய்
கருவியின் முகம்,
ஒரு மயிரிழை கீழே.
நல்ல படகில், நீர்மட்டத்துக்குக் கீழே,
தெரிந்தே நாலு ஓட்டை.
சுருள் சுருளாய் உதிர்ந்த அலுமினியம்
அவள் சட்டைக் கைக்குள் போனது.
பசையை விரலால் வழித்தாள்.
கேக்குக்குச் செய்வதுபோல அல்ல,
கோபத்தோடு.

மார்ச்சில் ஹெல்லர் பாரில் இறக்கினோம்.
வேகமெடுத்ததும் திரைக்குப் பேய் பிடித்தது:
பன்னிரண்டு அடி, நூற்று நாற்பது, மூன்று,
பிறகு வெறும் கோடுகள்.
ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்,
நாங்கள் முப்பத்தைந்து மைல் வேகத்தில்
முழுப் படகையே விட்டிருந்தோம்.
ஒரு கல் தட்டியது.
ஸ்பிரிங் மடங்கிக் கருவி மேலே எகிறியது, உடையவில்லை.
லுவான் குனிந்து துடுப்பால் அமுக்கிவிட்டாள்,
தூங்காத குழந்தையை மறுபடி படுக்கவைப்பவள்போல.

செங்குத்துப் பாறைக்கு அடியில், மடுவில்,
எஞ்சினை அணைத்தாள்.
நுரை விலகக் கொஞ்ச நேரம்.
எழுபத்தொன்று என்றது திரை.
எழுபத்தொன்று. எழுபத்திரண்டு.
தரை தடித்த மஞ்சளாய் வந்தது,
அதற்கு ஒரு முழம் மேலே
நீளமாய், நகராமல்,
ஒரு கோடு.

ஸ்டர்ஜன். எவ்வளவு பெரிது என்று
நான் சொல்லப்போவதில்லை, நம்பமாட்டீர்கள்.
தூண்டிலே கொண்டுவரவில்லை.
கொண்டுவந்திருந்தாலும்
பிடித்தால் தண்ணீரைவிட்டு எடுக்காமல் விடவேண்டிய மீன்.
அது எங்களுக்கு அடியில் இருந்தது,
நாங்கள் அதற்கு மேல் மிதந்து கடந்தோம்.
அவ்வளவுதான் நடந்தது.

திரையைப் படமெடுத்தாள்.
பள்ளத்தாக்கில் சிக்னல் இல்லை.
கரையேறியபின் தானாகப் போனது,
உடனே டுவெய்னின் பதில்:
எங்கே வச்சே?

போனை என்னிடம் காட்டிவிட்டுப்
பையில் போட்டுக்கொண்டாள்.
டார்ச்சைப் பல்லில் கடித்து
படகின் பின்மூலையில் தலைகீழாய்ப் படுத்தாள்.
"ஒன்று காய்ந்திருக்கிறது," குரல் மட்டும் வந்தது.
"இரண்டு காய்ந்திருக்கிறது.
மூன்று."
பிறகு சத்தமில்லை.
"நாலாவது கொஞ்சம் வியர்த்திருக்கிறது.
அந்தப் பசையை எடு."