இரண்டாயிரத்து நானூறு பார், ஜுபைல்

ஆகஸ்ட். குளிர்விக்க வரும் கடல்நீரே
முப்பத்தாறு டிகிரி என்கிறது திரை.
"இது எதைக் குளிர்விக்கும்?" என்கிறான் இம்தாத்,
நாலாவது தேநீரில் ரஸ்க்கை முக்கியபடி.

அந்த நெரிசலில் எத்திலீன்
வாயுவா திரவமா என்று
தானே மறந்துபோயிருக்கும்.
அதற்குள் துளி பெராக்சைடு.
உடைகிறது. உடைந்த பாதி
துணையில்லாத ஓர் எலக்ட்ரானோடு
முதலில் அகப்பட்டதன் கையைப் பிடிக்கிறது.
பிடிபட்டது இப்போது ஒற்றை.
அது அடுத்ததை.

எங்கள் தங்குமிட வாசலில் பலகை:
பேச்சிலர்களுக்கு மட்டும்.
இம்தாத்துக்கு மூன்று பெண் பிள்ளைகள்.

இருநூற்று எண்பத்தேழு. எண்பத்தொன்பது.
சூடு ஏறினால் சங்கிலிக்கு அவசரம்.
தன்மேலேயே மடிந்து கிளை விட்டு
நீளாமல் நின்றுவிடும்.
இன்னும் ஏறவிட்டால் சங்கிலியே இல்லை,
கரியும் ஹைட்ரஜனும்
வானத்தைப் பார்த்து ஓர் உறுமலும்தான்.
போன ரமலானில் கேட்டேன்.
ஒரு வாரம் காது அடைத்திருந்தது.

பெராக்சைடை அரைப் புள்ளி குறைக்கிறேன்.
உற்பத்தி விழும், காலையில் கேட்பார்கள்.
கேட்கட்டும்.
வளைகோடு தயங்குகிறது, பிறகு
மனசில்லாமல் இறங்குகிறது.

உள்ளே, இரண்டு ஒற்றைகள் எங்கோ
எதிர்ப்பட்டிருக்கும். எதிர்ப்பட்டால்
ஜோடி சேரும், வளர்ச்சி நிற்கும்.
முடிவுறுதல் என்று எழுதி
இரண்டு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

செல்பேசி அதிர்கிறது. தமயந்தி.
ஜனவரியில் முப்பது நாள் விடுப்பு,
டிக்கெட் போட்டாயிற்றா என்று கேட்பாள்.
இல்லை,
"அங்கே இப்போ சூடு எவ்வளவு?"

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்
இருநூற்று எண்பத்து நாலு
என்று தட்டிவிட்டேன்.