மங்கோலியாவின் மூடி

எலும்பு சேர்ந்துவிட்டது,
இனி விரல்கள்தாம் பழக வேண்டும் என்று சொல்லி
மேசையில் ஒரு பீர் மூடியை வைக்கிறாள் ஒலேசியா.
கைக்குப் பயிற்சி தருபவள். இருபத்தாறு வயது.
"பெருவிரலில் நடுவிரலைக் கொக்கி போடுங்கள்,
இப்போது சுண்டுங்கள் பார்ப்போம்."

பாவம்,
யாரிடம் எதை நீட்டினோம் என்று
அவளுக்குத் தெரியாது.

வூச் நகரம், பஞ்சாலைக்குப் பின்புறம்,
எட்டாம் எண் குடியிருப்பின் முற்றத்தில்
கம்பளம் அடிக்க ஓர் இரும்புக் கம்பி.
சனிக்கிழமை காலையில் அம்மாக்களுக்கு.
மற்ற நேரமெல்லாம் எங்களுக்கு.
முழங்காலை மடக்கித் தலைகீழாய்த் தொங்கினால்
ஐந்து மாடியும் வானத்துக்குள் இறங்கும்,
கோட்டுப் பையிலிருந்து மூடிகள் கொட்டும்.

மூடியென்றால் வெறும் மூடியா?
கெனெக்கின் அக்கா புதுநன்மைக்கு ஏந்திய மெழுகுவர்த்தியை
உருக்கி உள்ளே ஊற்றி,
ஆறுமுன் ஒரு நாட்டின் கொடியை ஒட்டினால்
அது சைக்கிள் வீரன்.

இத்தாலி கெனெக்குக்கு, எப்போதும்.
பிரான்ஸ் மிரெக்குக்கு.
போலந்துக்கு அடிதடி.
பாத்திரம் கழுவிவிட்டுக் கடைசியாகக் கீழிறங்கும் எனக்கு
மிஞ்சியது மங்கோலியா.
மங்கோலியாவில் சைக்கிள் உண்டா என்றான் கெனெக்.
குதிரை உண்டு என்றேன்.

கொடிகள் அப்பாவின் நிலப்படநூலிலிருந்து வந்தவை.
கொடிப் பக்கத்தின் முதுகில் நதிகளின் பட்டியல்;
கொடி போன இடத்தில் நதியும் போனது.
எங்கள் வீட்டில் டான்யூபுக்கு
முதல் இரண்டு எழுத்துகள்தாம்.
அப்பா அடிக்கவில்லை.
பக்கத்தைத் தூக்கிப் பிடித்து
மங்கோலியாவின் ஓட்டை வழியாக
என்னையே பார்த்தார், வெகுநேரம்.

பள்ளியில் திருடிய சுண்ணக்கட்டியால்
முற்றம் முழுக்கப் பாதை வரைவோம்.
கோட்டைத் தாண்டினால் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும்.
சாக்கடைக் கம்பியருகே வளைவு இடுக்கு.
ஒரு ஜூன் மாலையில்
முதலாவதாக வந்துகொண்டிருந்த இத்தாலி
அந்தக் கம்பிகளுக்கிடையே நழுவி விழுந்தது.
"ப்ளக்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.
கண்ணில் தூசி என்றான் கெனெக்.
இரண்டு கண்ணிலுமா என்று யாரும் கேட்கவில்லை.
அன்று ஜெயித்தவள் நான்.
யாரும் கைதட்டாத வெற்றி.

மழை வந்தால் மாடிப்படி.
ஐந்து பேருக்கு ஒரு காமிக்ஸ்.
காலி பாட்டில்களைச் சுமந்து கொடுத்ததற்குக் கூலியாகப்
பெட்டிக்கடை பெலாகியா அம்மாள்
கல்லாவுக்கடியில் எங்களுக்கென ஒளித்து வைத்தது.
கடைசி ஆள் முடிக்கும்வரை பக்கம் புரட்டக் கூடாது.
கடைசி ஆள் எப்போதும் மிரெக்.
உதடு அசைய அசைய அவன் படிக்க,
மூலைக் கட்டத்தில் நாங்கள் காத்திருப்போம்.
துப்பாக்கி நீட்டிய வில்லனும்
சுடாமல் காத்திருப்பான்.

கப்பல்காரனாகி வெகுகாலம் கழித்து
ஒரு கல்யாணத்தில் சொன்னான் மிரெக்:
அப்போது எனக்கு எழுத்தே கூடாது,
படம் பார்த்து முடித்து
நீங்கள் நம்புகிற அளவுக்கு
நாற்பது வரை எண்ணுவேன்.

நாற்பது!
நாங்கள் அவனை மந்தம் என்றோம்.

முதல் சுண்டில் வலி முழங்கைவரை ஏறுகிறது.
மூடி இரண்டு விரற்கடை நகர்ந்து நிற்கிறது.
இரண்டாவதில் ஒரு சாண்.
மூன்றாவது சுண்டு
மேசை முழுக்க வழுக்கிப் போய்
ஒலேசியாவின் தேநீர்க் கோப்பையில் மோதுகிறது.
"அருமை!" என்கிறாள்.
அருமையில்லை, கோட்டைத் தாண்டிவிட்டது என்கிறேன்.
"எந்தக் கோடு?"

அவள் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி
மேசைவிரிப்புக் காகிதத்தில்
இடக்கையால் வரைகிறேன்:
நேர்ப்பாதை, ஏற்றம், பிறகு அந்த இடுக்கு.
தடுப்பாளா என்று பார்த்தால்
குப்பைக்கூடையில் குனிந்து
தனக்கொரு மூடி தேடிக்கொண்டிருக்கிறாள்.

வாசலில், முறை தவறிப்போன கோபத்தோடு,
மணிக்கட்டில் மாவுக்கட்டு, வழுக்கைத் தலை,
என் வயதுதான் இருக்கும்.
மேசையைப் பார்க்கிறார்.
கடிகாரத்தைப் பார்க்கிறார்.
மறுபடி மேசையை.
பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்கிறார்,
போலந்தை யாராவது எடுத்துவிட்டீர்களா?