நீளம், சென்டிமீட்டரில்

அல்பசேத்தேயில் பிப்ரவரிக் காற்று
ஜன்னலைத் தட்டுவதில்லை, உதைக்கும்.
மூன்றாம் மாடி. லிஃப்ட் பழுது.
காப்பீட்டுப் படிவமும் அளவு நாடாவுமாக
மூச்சிரைக்க ஏறிப் போனேன்.
கதவைத் திறந்தவர் எயுதிமியோ கார்செலென்,
முப்பத்தொரு வருடம் ரயிலில்
பயணச்சீட்டுகளுக்கு ஓட்டை போட்டவர்.
வீட்டில் நானூற்றுப் பன்னிரண்டு கத்திகள்.

"பெரியதிலிருந்து தொடங்கலாமா, சிறியதிலிருந்தா?"
கேட்டாரே ஒழிய
பதிலுக்கு நிற்கவில்லை.
சோபாவுக்குப் பின்னாலிருந்து
தூங்கும் பிள்ளையைத் தூக்குவது போல
இரண்டு கையாலும் ஏந்தி வந்தார்.

மடக்குக் கத்திதான்.
மடக்கி நிறுத்தினாலே
என் முழங்காலைத் தாண்டியது.
எருமைக் கொம்பில் கைப்பிடி,
அதில் பித்தளைப் பூ, சிப்பிப் பிறை,
செம்பில் பிளந்த மாதுளை,
மாதுளைக்குள் முத்துக்கு முத்து சிவப்புக் கண்ணாடி.
செய்தவனுக்கு வெற்றிடம் என்றால் பயம் போலும்.
தொடையில் ஊன்றித் திறந்தார்.
ஏழு பல், ஏழு சொடுக்கு.
ஐந்தாவதில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.
கத்தி என்று பெயர் வைத்தவன்
இதைக் கேட்டுவிட்டுத்தான் வைத்திருப்பான்.

நூற்றுப் பத்து, எழுதிக்கொண்டேன்.
"இதால் எதையாவது வெட்டியதுண்டா?"
"காற்றை. ஒரு தடவை.
விளக்கு உடைந்தது."

அடுத்தது,
குங்குமப்பூ விற்கிற கண்ணாடிக் குப்பியில்
பஞ்சின் மேல் இருக்கும் என்றார்.
பஞ்சு இருந்தது.

ஹெல்லின் ஊரில்
கைக்கடிகாரம் பழுது பார்க்கும் ஒருத்தி
நோன்புக்கால நாற்பது நாளில் செய்ததாம்.
பூ இல்லை, பிறை இல்லை,
ஒரு சீவல் மரமும் ஒரு கீற்று இரும்பும்.
சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள்,
இது அதற்கும் உதவாது,
பல்லிடுக்கில் போனால்
பல்லோடுதான் வரும்.
இதைச் சொல்லிக்கொண்டே
அவர் தரையில் மண்டியிட்டிருந்தார்.

சமையலறையிலிருந்து பிராக்செதெஸ் எட்டிப் பார்த்தாள்.
"காலையில் தூசி உறிஞ்சினேனே," என்றாள்.
அதன் பிறகு கொஞ்ச நேரம்
காற்று மட்டும் பேசியது.

உறிஞ்சியின் பையைக் கழற்றிக்கொண்டு வந்தோம்.
தடித்த காகிதம், ஒட்டிய வாய்.
கத்தரிக்கோலை யாரும் தேடவில்லை,
கையில் இருந்ததே போதும் என்று
நூற்றுப் பத்து சென்டிமீட்டரால்
ஒரே இழுப்பு.
பிறந்து நாற்பத்தாறு வருடத்தில்
அது செய்த முதல் வேலை.

சாம்பல் நிற மேகம் ஒன்று எழுந்து
எங்கள் மூவர் மேலும் இறங்கியது.
மேஜையில் பழைய செய்தித்தாள் விரித்துத் துழாவினோம்.
இரண்டு பயறு, ஒரு கொண்டை ஊசி,
செல்லாத பெசெத்தா ஒன்று,
யாருடைய சட்டையிலிருந்தோ ஒரு பொத்தான்.
"இதை எவ்வளவு நாள் தேடினேன்"
என்றாள் பிராக்செதெஸ்,
பொத்தானை எடுத்து மேல்துணிப் பையில் போட்டாள்.
கத்தி இல்லை.

தும்மினேன். அவர் கைக்குட்டை நீட்டினார்.
அப்போதுதான் பார்த்தேன்:
அவருடைய கம்பளிச் சட்டையின் மணிக்கட்டில்
ஒரு மினுக்கம்,
இழைக்குள் முனை பாய்ச்சி, திறந்தபடியே,
தொங்கிக்கொண்டிருந்தது.
நேற்று இரவு எடுத்துப் பார்த்தாராம்.
காலையிலிருந்து ஏதோ கடிக்கிறது,
மூட்டைப்பூச்சி என்று நினைத்தாராம்.

சாமணத்தால் பிடித்து என் காதருகே வைத்தார்.
இதற்கும் ஏழு பல்.
"கேட்கிறதா?"
கேட்கிறது என்றேன்.
நாய் குரைக்கவில்லை.

படிவத்தின் கட்டம் புள்ளியை ஏற்காது.
ஒன்று புள்ளி ஒன்று என்று அடித்தால்
பதினொன்று என்று காட்டியது.
ஒரு நொடியில் பத்து மடங்கு வளர்ந்துவிட்டதே என்று
அவருக்குக் கோபம்.
சரி என்று வெறும் ஒன்றைப் போட்டேன்.
புள்ளிக்குப் பின்னால் இருந்தது அதன் முனை.
அதை வெட்டியது நான்தான்.

எல்லாம் முடிந்து
பிராக்செதெஸ் ரொட்டி அறுத்துக் கொடுத்தாள்,
கறுப்புப் பிளாஸ்டிக் பிடி, நடுவில் தேய்ந்த அலகு.
இது எத்தனையாவது என்று கேட்டேன்.
"இது கணக்கில் வராது," என்றார் இருவரும் ஒரே குரலில்.

கீழே இறங்கித் தெருவில் நின்று
கோட்டின் மடிப்புகளை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தேன்.
எதற்கும் இருக்கட்டும் என்றுதான்.