ஒரு நம்பருக்கு நாலு பேர்

மாங்கூழ் ஃபேக்டரியின் வருகைப் பதிவேடு என் கையில்,
அதனால் என் நம்பரையே கொடுத்துவிட்டார்கள்.
ஒரு நம்பருக்கு நாலு பேர்தான் என்றாள்
ஊசி போட வந்த நர்ஸ்.
என் போனில் இரண்டு சிம், தம்பியின் பழைய போனில் ஒன்று.
ஆக, என்னையும் சேர்த்து
பன்னிரண்டு பேரின் காய்ச்சல்
என் பைக்குள், டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில்.

சாயங்காலம் ஏழு மணிக்கு
ஒன்றன்பின் ஒன்றாய் வந்து விழும்.
அன்புள்ள மாதம்மாள், இன்று எப்படி உணர்கிறீர்கள்?
மாதம்மாளை அன்புள்ள என்று யாரும் கூப்பிட்டதில்லை.
கத்தியைக் கழுவிக்கொண்டே சிரித்தாள்.
"கை கடுக்குது, தோள்பட்டை குடையுது,
கண்ணு ரெண்டும் காந்துதுன்னு போடு."
நான் போட்டது: வலி, ஆம்.

ஆம் என்றால் 'விவரம் எழுதுக' என்றொரு பெட்டி திறக்கும்.
எனக்கு வந்த தலைவலிக்கு அதில் மூன்று வரி எழுதினேன்.
மற்ற பதினொரு பேருக்கு எழுத ஏது நேரம்,
ஷிப்ட் வண்டி ஹாரன் அடிக்கிறது.

தோலில் சிவப்பு, அரிப்பு?
ஆனி மாதம். பெங்களூரா சீசன்.
காம்பு கிள்ளினால் பீறிடும் பால் பட்டு
முழங்கை வரை வெந்துபோகாத கை
இந்தத் தகரக் கூரைக்குக் கீழே ஒன்றுகூட இல்லை.
ஊசியா, மாங்காயா?
எல்லாருக்கும் 'இல்லை' தட்டினேன்.
எங்கோ ஒரு கணக்கில்
காவேரிப்பட்டணத்துத் தோல் அந்த வாரம் பளபளத்திருக்கும்.

திம்மக்கா மட்டும் இரண்டாம் நாளிலிருந்து வரவில்லை.
வேப்பனப்பள்ளிக்கு அந்தாண்டை, எல்லையோரம் ஊர்.
அன்புள்ள திம்மக்கா, காய்ச்சல் உள்ளதா?
ஆம், இல்லை, இரண்டுதான் இருந்தன.
'தெரியாது' இல்லை.
மறுநாளும் கேட்டது. அதற்கு மறுநாளும்.
ஆறாம் நாள்: இதுவே கடைசி நினைவூட்டல்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.
மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தாள், இளைத்து.
பாதி தெலுங்கில், பாதி தமிழில் சொன்னாள்,
இரண்டு ராத்திரி நெருப்பாய்க் கொதித்ததை,
எதிர்வீட்டுப் பையன் மாத்திரை வாங்கி வந்ததை,
நாலாம் நாள்தான் ராகிக் கூழ் தொண்டையில் இறங்கியதை.
நின்றபடியே லிங்க்கைத் தொட்டேன்.
காலாவதியாகியிருந்தது.

"போவட்டும் விடு" என்றாள்.
"எத்தனை நாள் கூலி போச்சு?"

ஐந்து.
அவள் பெயருக்கு நேரே ஐந்து பெருக்கல் குறி.
தினமும் காலை எட்டு மணிக்கு,
யாரும் நினைவூட்டாமலே,
நான் போட்டது.