பொருந்தாது

கண்டி ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி.
மேசைக்கு அந்தப் பக்கம் ரிஸ்லா மிஸ்,
அக்குறணைக்காரி, தமிழிலேயே கேட்கிறார்.
படிவம் பெண்களுக்கென்று அச்சடித்தது.

முதல் மாதவிடாய் எந்த வயதில்?
பொருந்தாது, என்று எழுதுகிறார்.
எத்தனை முறை கர்ப்பம்?
பொருந்தாது.
எந்தப் பிள்ளைக்கு எத்தனை மாதம் பால் கொடுத்தீர்கள்?
பேனா நின்றது. சிரிக்கலாமா என்று
ஒருவரையொருவர் பார்த்தோம்.
சிரித்தோம். நான் கொஞ்சம் கூடுதலாக.
தழும்பு இழுத்தது.

தொழில்?
கவ்வாத்து, மிஸ். மஸ்கெலியாவில்
இருபத்தாறு வருஷம்.
மழைத்தண்ணி தங்காமல் வழிய
சாய்த்து வெட்ட வேண்டும்,
ஒரே வீச்சு, பட்டை கிழியக் கூடாது.
டாக்டர் வெட்டியதும் அப்படித்தான் இருக்கிறது,
குறை சொல்ல ஒன்றுமில்லை.
அதற்குப் படிவத்தில் இடமில்லை.
ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

கட்டியைக் கண்டது எப்போது?
போன சித்திரை. தோட்டத்து டிஸ்பென்சரியில்
கத்திப்பிடி இடித்திருக்கும் என்று தைலம் கொடுத்தார்கள்.
ஆடியில் காம்பு உள்ளே போனது.
யாரிடம் சொல்வது?
ஆம்பிளைக்கு அந்த இடத்தில் இருப்பது
துளையில்லாத சட்டையில் தைத்த பொத்தான்
என்றுதான் நினைத்திருந்தேன்.

நூறு பேருக்கு வந்தால்
அதில் ஒருவர்தான் ஆம்பிளை, என்கிறார்.
அந்த ஒருவரைத் தேடிப் பிடிப்பது இவர்கள் வேலை.
மூன்று வருஷத்தில் முப்பத்தொரு பேர்.
நான் முப்பத்திரண்டு.
ஒரு பெரட்டுக்குக் கூடக் காணாது.

பேர் எழுத மாட்டார்களாம், இலக்கம் மட்டும்.
எங்களுக்குப் பேர் என்றால் சம்பளம்.
வேலை குறைந்தால் அரைப்பேர்.
இது வேறு கணக்கு:
என்னிடமிருந்து எடுத்த சதை
மெழுகுக் கட்டிக்குள், ஒரு பெட்டியில்,
மலைக்குப் போகாமலே
தினமும் முழுப்பேர் போடுகிறது.

நான் விழுங்கும் மாத்திரை
பெண்களிடம் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது.
ஆண்களுக்கு எவ்வளவு, எத்தனை வருஷம்?
சரியாகத் தெரியாது ஐயா,
அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம், என்றார்.
தெரியாது என்பதை இவ்வளவு மரியாதையாக
எனக்கு யாரும் சொன்னதில்லை.

மார்கழிப் பனி, விடியச் சாமம்,
கழுத்தில் தீ ஏறுகிறது.
எழுந்து உட்கார்ந்தால்
இந்திராணியும் உட்கார்ந்திருக்கிறாள், அதே வேர்வை.
அவளுக்கு வயசு. எனக்கு மாத்திரை.
காம்பிராக் கதவைத் திறந்துவிட்டு
பழைய கலண்டர் அட்டையால்
மாறி மாறி விசிறிக்கொள்கிறோம்.
பக்கத்து வீட்டு நாய் வந்து பார்த்துவிட்டுப் போகிறது.

குடும்பத்தில் வேறு யாருக்கும்?

அக்கா. பூவாயி. நாற்பத்தொரு வயசில்.
ரவிக்கைக்குள் துணி வைத்துக் கட்டிக்கொண்டு
கொழுந்து நிறுக்க வந்தவள்.
நாற்றம் வந்த பிறகுதான் தெரிந்தது.
செய்வினை என்றார்கள். கோழி அறுத்தோம்.

மிஸ் எழுதுவதை நிறுத்தினார்.
இன்னொரு குழாய் ரத்தம் தருவீர்களா என்றார்.
அக்காவிடம் கேட்க முடியாததை
என்னிடம் கேட்கலாமாம்.
அவள் மகள் பியகமையில் தையல் மெஷினில்.
பதில் வந்தால் அவளுக்கும் சொல்ல வேண்டும்.
எப்படிச் சொல்வதென்று சொல்லித்தரவே
படித்த ஆள் ஒருவர் இருக்கிறாராம்.
கோழியின் ஞாபகம் வந்தது. வெள்ளைச் சேவல்.
கையை நீட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை, பீலிக்கரை.
ஆடியிலிருந்து துவாயைப் போர்த்திக்கொண்டே குளித்தவன்
இன்று அதைக் கல்லில் போட்டேன்.
தண்ணீர் தழும்பில் விழுந்து
சாய்வாக வழிந்தது.
பல் விளக்கிக்கொண்டிருந்த தவசி பார்த்தான்.
மலையைப் பார்த்தான். மறுபடி பார்த்தான்.
ஒன்றும் கேட்கவில்லை.
சோப்புப் போடுகிறவன் மாதிரி
கையை மெல்ல
தன் இடது பக்கம் கொண்டுபோனான்.

சோப்பு என்னிடம் இருந்தது.